ஏழாம் மதகின் கல்

ஒன்பதாம் மதகைச் சாத்திவிட்டு ஒரு கூப்பிடு தூரம் வந்த பிறகுதான், ஏழாம் மதகின் சத்தம் இன்றைக்குக் காதில் விழவே இல்லை என்பது ஒச்சம்மாளுக்கு உறைத்தது. கேட்ட சத்தம் ஞாபகத்துக்கு வரும், சரி. கேட்காத சத்தம் வருமா? வந்துவிட்டது. முன்னால் அவள் புருஷன் சடையாண்டி நடந்துகொண்டிருந்தார். அவர் தோளில் ஷட்டர் சாவி, பேர்தான் சாவி, ஆள் உயரத்துக்கு ஓரடி குறைவான இரும்புத் தண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் லேசாக ஆடியது. அவள் இடுப்பில் மஞ்சள் பை. பைக்குள் ஒன்பது கூழாங்கல். ஒன்பது மதகு, ஒன்பது கல், எண்ணிக்கை நேராகத்தானே இருக்கிறது, பிறகென்ன உனக்கு என்று மனசைத் தட்டிக் கொடுத்தாள். மனசு என்ன கைப்பிள்ளையா, தட்டினால் தூங்க? ஏழாம் மதகு மற்ற மதகு மாதிரி இல்லை. அதன் திருகு ஊரைக் கூட்டும். எண்ணெய் விட்டாலும் கிரீஸ் அப்பினாலும், மாமியார் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற புதுப்பெண் மாதிரி வீறிட்டுத்தான் இறங்கும். அந்த வீறலுக்குப் பயந்து மருத மரத்து மலையணில் உச்சிக்கு ஓடும், அதைப் பார்த்து அவர் சிரிப்பார். அணில் ஓடியது அவள் கண்ணில் இருக்கிறது. ஆனால் அது போன வருஷத்து அணிலா, இந்த வருஷத்து அணிலா?

நாளைக் காலை ஆறு மணிக்குத் தலைமடையில் தண்ணீர் திறக்கிறார்கள். மலையோடையை மறித்து, காட்டுக்குள்ளேயே ஒன்பது மைல் வளைத்து வளைத்துக் கூட்டிவந்து நீர்த்தேக்கத்தில் விழவைக்கிற வரத்துக்கால் இது. வெள்ளைக்காரன் வெட்டியது. கரையோரக் கல்லெல்லாம் இன்னும் மைலில்தான் நிற்கிறது, கிலோமீட்டரை இந்தக் காட்டுக்குள் யாரும் கூட்டிவரவில்லை. வழியில் பதினோரு வடிமதகு. கோடையில் அத்தனையும் திறந்தே கிடக்கும், திடீர் மழை பெய்தால் கரை உடையாமல் பள்ளத்து ஓடைகளில் வடிந்து போக. தண்ணீர் விடுகிறதற்கு முந்தின நாள் லஸ்கர், அதாவது மதகு காவல்காரர், தலைமடையில் ஜீப்பை விட்டு இறங்கி, கரையோடு நடந்தே வந்து ஒவ்வொன்றாகச் சாத்தவேண்டும். சாத்திய கையோடு குனிந்து மதகடியில் ஒரு கல் எடுத்துப் பையில் போடவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத லஸ்கரின் வாய்ச்சொல்லை நம்பாத ஏதோ ஒரு துரை போட்ட விதி என்பார்கள். துரை போய்ச் சேர்ந்துவிட்டான், கல் போகவில்லை. நீர்த்தேக்கக் கரையில் மடைக்கருப்பன் பீடத்தில் ஏ.ஈ. என்கிற உதவி இன்ஜினீயர் முன்னால் பதினோரு கல்லையும் எண்ணி வைத்தால்தான் தலைமடைக்குப் போன் போகும். முதலில் மதகு, பிறகு கல். இதில் தப்பு வர என்ன இருக்கிறது? கையை எடுத்தால் குனி, குனிந்தால் எடு. ஒன்றும் தெரியாதவனுக்கும் ஆகிற காரியம். சடையாண்டி இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிற காரியம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நாலாம் மதகில்தான் முதல் தடவை. யானைக்காட்டில் ஒற்றை ஆளாக நடக்கக்கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும். கூட வருகிற லஸ்கர் ஓய்வுபெற்றுப் போய் அந்த இடம் காலியாகவே கிடக்க, துணைக்கு இவளையே தினக்கூலியில் சேர்த்திருந்தார்கள். அன்று அவர் மதகைச் சாத்தினார், சாவியைத் தோளில் வைத்தார், நடந்தார். குனியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கூப்பிடப் போனாள். கூப்பிட்டிருக்கலாம். "ஏங்க, கல்லு" என்று இரண்டு சொல், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தின வாரம் குழம்பில் உப்பு போட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்டதும், திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மகளைச் செத்துப்போன தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டதும், கடைக்குப் போனவர் கடைவாசலில் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று வானத்தைப் பார்த்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொண்டையில் நின்றன. கூப்பிட்டால் அவர் திரும்புவார். திரும்பினால் அந்த முகம் வரும், கடைவாசல் முகம். அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் அவளே குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டாள். யாருக்கும் நட்டமில்லை, மதகு சாத்தித்தானே இருக்கிறது. அந்த வருஷம் ஒரு கல். போன வருஷம் நாலு. இந்த வருஷம் அவர் மறக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதையே விட்டுவிட்டாள். மதகு கண்ணுக்குத் தெரிந்ததுமே அவள் உடம்பு தானாகக் குனிந்து கல்லைப் பொறுக்கிவிடுகிறது. அவர் சாத்தவேண்டியது, இவள் போடவேண்டியது. பழகிப்போனது. பழகினால் எதுவும் தப்பாகத் தெரியாது, அதுதான் பழக்கத்தின் சூது.

அப்படியானால் ஏழாம் மதகு. நிதானமாக நினைத்துப் பார், ஒச்சம்மா. ஆறாம் மைல் கல்லைத் தாண்டினோம். மூங்கில் கொல்லை. யானை லத்தி கிடந்தது, அவர் சாவியின் நுனியால் தட்டிப் பார்த்து, "சூடு ஆறல" என்றார். இதெல்லாம் மறக்கவில்லை அவருக்கு, காடு மறக்கவில்லை, லத்தியின் சூடு மறக்கவில்லை. மதகு தெரிந்தது. அவள் குனிந்தாள், பச்சை ஓடின சப்பைக் கல் ஒன்று. அப்போது பள்ளத்திலிருந்து செவந்தி ஏறி வந்தாள். கீழே ஓடைக்கரையில் பன்னிரண்டே வீடுள்ள பளியக்குடிப் பெண், இடுப்பில் பிள்ளை, கையில் கிழங்கு தோண்டுகிற கம்பி. "யான நிக்குதும்மா மேக்க, வெரசாப் போயிருங்க" என்றாள். பிறகு போக மனசில்லாமல் நின்று, "நாளைக்குத் தண்ணி வருதுங்குறாங்க. ஓடைக்கு வராதுல்ல? காலையில நாங்க ஊத்துத் தோண்டத்தான் எறங்குவோம். பிள்ளைகளும் மணல்லதான் கெடக்கும்" என்று கேட்டாள். ஒச்சம்மாள் என்ன சொன்னாள்? "ஓடைக்கு எப்படி வரும்? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி, சொன்ன கையோடு கல்லைப் பைக்குள் போட்டாள். கல் கல்லின்மேல் விழுந்த சத்தம் கேட்டது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உடனே மேற்கே மூங்கில் முறிந்தது, பட்டென்று. செவந்தி பிள்ளையோடு சரிவில் வழுக்கி இறங்கி மறைந்தாள். இவர் இவள் கையைப் பிடித்து இழுத்தார், இருவரும் மூச்சுவிடாமல் கரையோடு ஓடினார்கள். எட்டாம் மதகில் வந்துதான் நின்றார்கள். மூங்கில் முறிந்தது, கை இழுத்தது, எட்டாம் மதகு. நடுவில் வீறல் இல்லை. நடுவில் அவர் குனிந்து திருகின முதுகு இல்லை. இருக்கவேண்டிய இடத்தில் அவள் தேடத்தேட அந்தச் சப்பைக் கல் பைக்குள் விழுகிற சத்தம்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

பத்தாம் மதகுக்கு வந்துவிட்டார்கள். அவர் சாவியை மாட்டி வலப்பக்கமாகத் திருகினார். எல்லா மதகும் வலப்பக்கம் திருகினால் இறங்கும், ஏழு மட்டும் எதிர்ச்சுத்து. எப்போதோ பழுது பார்த்தவன் திருகை மாற்றிப் போட்டுவிட்டான், தெரியாதவன் போய் வலப்பக்கம் திருகினால் மூடுகிறோம் என்று நினைத்து இன்னும் திறந்துவிடுவான். அதை அவர்தான் அவளுக்குச் சொன்னது, கல்யாணமான புதிதில், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. பலகை இறங்கி அடியில் தட்டியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அவள் கையில் கல் தயாராக இருந்தது, ஆனால் போடவில்லை. "ஏங்க." திரும்பினார். "ஏழு சாத்துனீங்கள்ல?" கேட்டுவிட்டாள். அவர் மரங்களுக்கு நடுவே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தார். அந்த முகம் வந்தது. வந்து, ஒரு நொடி நின்று, பிறகு தெளிந்தது. "கல்லு இருக்கா?" என்றார். "இருக்கு." "பெறகென்ன? கல்லு இருந்தா சாத்துனதுதான. என்ன புள்ள, யானையக் கண்டு மூளை கலங்கிப் போச்சா?" சிரித்துக்கொண்டே நடந்தார். அவள் கையிலிருந்த கல்லைப் பையில் போட்டாள். சுற்றிவளைத்துத் தன் பொய்யே தனக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. அவள் போட்ட கல்லை அவர் நம்புகிறார், அவர் நம்புவதை அவள் நம்பவேண்டும். கிணற்றில் விழுந்தவன் இன்னொருவன் காலைப் பிடித்தானாம், அவனும் விழுந்துகொண்டிருந்தானாம்.

திரும்பிப் போகலாமா? இரண்டு மைல். வெயில் சாய்கிற நேரம், நடுவில் யானை. போகிறதென்றால் ஏன் என்று சொல்லவேண்டும். போன் அணைக்கரை ஏறினால்தான் எடுக்கும். கரைமேல் காய்ந்த தேக்கிலை நொறுங்க நடந்தாள், அந்த நொறுங்கலும் எரிச்சலாக இருந்தது. ஒருவேளை சாத்தியிருப்பார். ஓடுவதற்கு முன்னால் நாலு சுற்றுச் சுற்றியிருப்பார், பயத்தில் இவள் காதுதான் அடைத்துப் போயிருக்கும். இருபத்தெட்டு வருஷம் பழகிய கை, ஆள் மறந்தாலும் கை மறக்குமா? அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது, லேசானதுமே செவந்தி இடுப்புப் பிள்ளை மணலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, இவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அந்தப் பக்கம் போகாதே என்று மனசை இழுத்தாள். பதினோராம் மதகு வந்தது, சாத்தினார், அவள் போட்டாள். அப்போதுதான் அந்த நல்ல யோசனை வந்தது. யானை! ஏழாம் மதகில் யானை நின்றது மேடம், சாத்த முடியவில்லை, ஆளை அனுப்புங்கள் என்று ஏ.ஈ.யிடம் சொல்லிவிடலாம். முக்கால்வாசி உண்மை. யார் பேரும் கெடாது. எட்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு, மாலை போட்டு, சாவியைத் தூக்கிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகா, ஒச்சம்மா, உனக்கும் மூளை இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். ஒரு கல்லை எடுத்துக் காட்டில் எறிந்துவிட்டால் போதும், பத்தாகிவிடும். பைக்குள் கையை விட்டாள். பதினொன்றும் விரலில் உருண்டன. இதில் எது ஏழாவது, எது அவர் எடுத்தது, எது தான் எடுத்தது? அவர் எடுத்ததென்று ஒன்றாவது இருக்கிறதா?

அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டாள். ஒன்றுகூட இல்லையென்றால், இந்த மனிதர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பது அவளுக்கே தெரியாது. யானையைச் சொல்லி ஏழாம் மதகைக் காப்பாற்றலாம். ஐப்பசியில் வெள்ளம் வரும்போது நீர்த்தேக்கத்தின் ஷட்டரை யார் தூக்குவது? அவர்தான். அப்போது எந்த யானையைக் கொண்டுவந்து நிறுத்துவாள்? அணைக்குக் கீழே பன்னிரண்டு வீடு இல்லை, பன்னிரண்டு ஊர். இரண்டு வருஷமாக அவர் ஓட்டையை அடைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அடைக்கவில்லை, மேலே துணியைப் போட்டு மூடியிருக்கிறாள், அவ்வளவுதான். பாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது பாசம்தானா, அந்த முகத்தைப் பார்க்கிற தைரியமில்லாத கோழைத்தனமா? இரண்டும்தான் என்று ஏதோ ஒன்று உள்ளேயிருந்து சொன்னது. அவளுக்கு அழுகை வந்தது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மரங்கள் விலகி வெளிச்சம் பரந்தது. கோடையில் சுருங்கிக் கிடந்த நீர்த்தேக்கம், சுற்றிலும் வெடித்த சேறு, நடுவில் கொஞ்சம் தண்ணீர். கரைமேல் ஜீப், பக்கத்தில் ஏ.ஈ. பர்வீன். அந்தப் பெண்ணுக்கு மகள் வயசுதான் இருக்கும், வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே, என்ன இவ்வளவு நேரம்? பயந்தே போயிட்டேன். எல்லாம் ஆச்சா?" என்றாள் பர்வீன். சடையாண்டி சாவியை இறக்கிப் பீடத்தில் சாய்த்தார். முதுகை நிமிர்த்தினார், இந்த ஒரு நாளைக்கு அவர் ஒரு பிடி உயரமாகத்தான் தெரிவார். "பதினொண்ணும் சாத்தியாச்சு மேடம்." அவளிடம் கையை நீட்டினார். "கல்லக் குடு." யானை என்கிற சொல் அவள் நாக்கில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். வேலை முடித்த சந்தோஷம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிலேட்டைக் காட்டுகிற மாதிரி. அந்த முகத்துக்கு எதிரே யானை நிற்கவில்லை, அது பாட்டுக்குக் காட்டுக்குள் போய்விட்டது. "ஏழு சாத்தல மேடம்" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. "சாத்துனாரா இல்லயான்னே தெரியல. கல்லு அவரு எடுக்கல, நான் எடுத்தது. எல்லாமே நான் எடுத்தது. அவருக்கு மறந்து போகுதும்மா. ரெண்டு வருஷமா மறந்து போகுது. நான்தான் யாருகிட்டயும் சொல்லல." சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. ஒரு நீர்க்காகம் தண்ணீருக்குள் முங்கி வேறொரு இடத்தில் எழுந்தது. பர்வீன் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு ஒன்றும் கேட்காமல் போனை எடுத்துத் தள்ளிப் போய், நாளைக்குத் தலைமடையைத் தன் குரல் கேட்காமல் தொடக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தாள். நல்ல பெண்.

சடையாண்டி பீடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பையை வாங்கி மடியில் கவிழ்த்தார். ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தார். திருகின கையால் எடுத்திருந்தால் கல்லில் கிரீஸ் பட்டிருக்கும். பதினொன்றும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. "எனக்கும் சந்தேகம் வரும் ஒச்சு" என்றார் மெதுவாக. "வீட்ல ஏதாச்சும் மறந்து போகும், நீ ஒண்ணும் சொல்லமாட்ட. எனக்கு என்னமோ ஆகுதுன்னு பயமா இருக்கும். ஆனா வருசா வருசம் இங்க வந்து எண்ணுவேன், பதினொண்ணும் இருக்கும். பை நெறஞ்சிருக்கு, அப்ப நமக்கு ஒண்ணுமில்லன்னு நிம்மதியாப் போயிருவேன். இதத்தான நம்பிக்கிட்டு இருந்தேன்." அவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவர் தன்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஒரே கண்ணாடியில் இவள் வேறு முகத்தை வரைந்து வைத்திருக்கிறாள். அவர் கற்களை ஒவ்வொன்றாகச் சேற்றுப் பக்கம் எறிந்தார், கோபத்தோடு இல்லை, ஏதோ யோசித்துக்கொண்டு. பிறகு எழுந்தார். "யாரையும் தனியா அனுப்பாதீங்க மேடம். ஏழு எதிர்ச்சுத்து. தெரியாதவன் போனா தொறந்துட்டு வந்துருவான். நானே வாறேன்."

ஜீப் காட்டுப் பாதையில் ஆறாம் மைல்வரை போனது. இரண்டு வேட்டைத்தடுப்புக் காவலர்களும் ஏறிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்து வெயில் மரங்களின் தலையில் மட்டும் இருந்தது. வழியெல்லாம் ஒச்சம்மாள் ஒரே ஒரு வேண்டுதலோடு வந்தாள். மூடியிருக்கவேண்டும். மூடியிருந்தால் இதெல்லாம் ஒரு கிறுக்கச்சியின் உளறல் என்று ஆகிப் போகட்டும், எல்லாரும் தன்னைத் திட்டட்டும், அவர் மட்டும் சரியாக இருந்துவிடட்டும். மூங்கில் கொல்லையைத் தாண்டினார்கள். யானைகள் போயிருந்தன. மதகு தெரிந்தது. பலகை முழுக்க மேலே நின்றது, அடியில் ஒரு மாடு நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. அந்தத் திறப்பு வழியாகப் பார்த்தால் கீழே ஓடை மணல், அதற்கப்பால் பளியக்குடியில் அடுப்புப் புகை. பர்வீன் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

சடையாண்டி சாவியை மாட்டினார். உதவிக்கு வந்த காவலர் வலப்பக்கம் தள்ளப் போனார். "இடப்பக்கம்ப்பா" என்று அவர் கையை விலக்கிவிட்டு, காலை அகட்டி வைத்துத் திருகினார். மதகு வீறிட்டது. மருத மரத்தில் அணில் ஒன்று தலைதெறிக்க உச்சிக்கு ஓடியது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார், சிரித்தார், மறுபடி திருகினார். பலகை அங்குலம் அங்குலமாக இறங்கி அடியில் போய்த் தட்டியது. இன்னும் ஒரு அரைச்சுற்று, அழுத்தி. சாவியைக் கழற்றித் தோளில் வைத்தார். கையைத் துடைத்தார். ஜீப்பைப் பார்த்து இரண்டு எட்டு நடந்தார். ஒச்சம்மாளின் உடம்பு முழுக்கக் குனியத் துடித்தது. காலடியில் நல்ல கல், கைக்கு எட்டுகிற கல். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"ஏங்க" என்றாள். "கல்லு."

அவர் நின்றார். திரும்பினார். அந்த முகம் வந்தது, அவள் இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. அவர் மதகைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஆமால்ல" என்று சொல்லிக் குனிந்து, ஒரு கல்லை எடுத்து, கிரீஸ் விரலால் அதைத் தடவிவிட்டு அவள் கையில் கொடுத்தார்.